வெந்நீர்க் குளத்து வழக்கு

போன ஆகஸ்ட் பத்தாம் தேதி, புனித லாரன்ஸ் திருநாளன்று, இருநூறு பேர் வேடிக்கை பார்க்கக் கழுத்தளவு வெந்நீரில் நாலரை மணி நேரம் தீர்ப்புச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். நானும் எழுந்திருக்கவில்லை, கூட இருந்தவர்களையும் எழுந்திருக்க விடவில்லை. கிழவிக்குப் பதவி தலைக்கேறிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். பதவியாவது மண்ணாவது, எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

என் பெயர் லுட்வினா. ஷ்டைன்பாத் என்கிற எங்கள் மலையூரின் பழைய குளிப்பு மண்டபத்தில் முப்பத்தெட்டு வருஷம் உடம்பு பிடித்துவிடும் வேலை பார்த்தேன். முகத்தை மறந்தாலும் முழங்காலை மறக்க மாட்டேன். ஊரில் யார் இடுப்பு எந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளும், யார் வலிக்காமலே கத்துவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரே அந்த வெந்நீரால் பிழைத்த ஊர். மூன்று தடவை பனிச்சரிவு வந்து மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போயிருக்கிறது. மூன்று தடவையும் முதலில் எழுப்பியது குளிப்பு மண்டபத்தைத்தான், கோயிலை இல்லை. வருகிற பங்குச் சாமியார் ஒவ்வொருவரும் முதல் பிரசங்கத்திலேயே இதைக் குத்திக்காட்டிவிட்டு, திங்கட்கிழமை காலையில் துண்டை எடுத்துக்கொண்டு குளத்துக்கு வந்துவிடுவார். அந்தக் காலத்தில் வைத்தியம் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், இருபத்தைந்து நாள், நீரிலேயே கிடக்க வேண்டும். தோல் தடித்துச் சிவந்து கிளம்பினால்தான் பலித்ததாக அர்த்தம். பிரபு, மாட்டுக்காரன், கன்னியாஸ்திரீ எல்லோரும் ஒரே மாதிரிக் கம்பளி அங்கியில், ஒரே கல் குளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மிதக்கும் பலகையில் காப்பி வரும், சீட்டுக்கட்டு வரும், மூக்குப்பொடி வரும். அத்தனை பேரை அத்தனை நேரம் ஒரே தண்ணீரில் போட்டு வைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? அதற்காகக் குளத்துக்கென்றே ஒரு கோர்ட் வைத்தார்கள்.

சட்டம் சின்னதுதான். நீரில் இருக்கிறவரை யாரும் யாருக்கும் பெரியவன் இல்லை. நீதிபதி மூன்று தரம் கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தீர்ப்பு வரும்வரை யாரும் கரையேறக் கூடாது. எந்தக் குற்றமானாலும் தண்டனை ஒரு குடம் வெள்ளை ஒயின், எல்லோரும் சேர்ந்து குடிப்பதற்கு. குடித்து முடித்த பிறகு அந்த விஷயத்தைக் கரையில் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்தப் பருவம் முழுக்கக் குளத்தில் கால் வைக்க முடியாது.

மற்றதெல்லாம் இப்போது விளையாட்டாகிவிட்டது. இந்தக் கடைசி விதி மட்டும் இல்லை. என் மாமனாரும் அவர் தம்பியும் வேலித் தகராறு ஒன்றைக் குளத்தில் வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் இருபது வருஷம், சாகும்வரை, இரண்டு பேர் வாயிலும் வேலி என்ற வார்த்தையே வரவில்லை. வேலி சாய்ந்து விழுந்தபோதும் வரவில்லை. மாடுதான் பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

இப்போது வருஷத்துக்கு ஒரு நாள், லாரன்ஸ் திருநாளன்று, வெளியூர்க்காரர்கள் பார்ப்பதற்காக அந்தக் கோர்ட்டை நாடகமாக நடத்துகிறோம். வசனம் எழுதுவது ஒட்டீலியா டீச்சர். பழைய ஏட்டிலிருந்து ஒரே வழக்கைத்தான் எடுத்திருக்கிறார். எவனோ ஒருவன் பக்கத்திலிருந்தவரின் மூக்குப்பொடி டப்பாவை எடுத்த வழக்கு. குற்றவாளி மூன்று தரம் இல்லை என்பான், மூன்றாவது தரம் கையை உயர்த்திச் சத்தியம் செய்யும்போது அங்கிக்குள்ளிருந்து டப்பா விழுந்து மிதக்கும். ஜனங்கள் சிரிப்பார்கள். இருபது வருஷமாகக் குற்றவாளி தியோடுல்தான். ஊற்றுக் காவலனாக இருந்து ஓய்வு பெற்றவன், எழுபது வயது. நீதிபதி மட்டும் அறுபது தாண்டியவர்களில் சீட்டுக் குலுக்கி மாறும். இந்த வருஷம் என் பெயர் வந்து தொலைத்தது.

தியோடுலை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். என் புருஷன் ஆல்பானும் அவனும் ஒன்றாக ஊற்று வேலை பார்த்தவர்கள். ஆல்பான் போன பிறகு, ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தியோடுல்தான் எனக்கு விறகு வெட்டி அடுக்கிக் கொடுப்பான். நாற்பத்து மூன்று வருஷம். நான் கேட்டதில்லை. அவனும் காப்பிக்கு மேல் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை.

அன்று காலை அங்கி மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் மகள் வெரேனா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்தை, அப்பாவுக்கு வசந்தத்துலேர்ந்து ஞாபகம் தடுமாறுது. நேத்து ஷூவைத் தூக்கி ஓவனுக்குள்ள வெச்சிருந்தார். வசனம் மறந்துட்டா கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

"இருபது வருஷமா சொல்ற வசனம். இல்லைங்கிற ஒரு வார்த்தை. அது மறக்குமாடி?" என்றேன்.

எட்டு மணிக்கு நீரில் இறங்கினோம். நீதிபதி நான், எழுத்தர் பேக்கரிக்கார எகோன், தியோடுல், மற்றும் ஊர்க்காரர்கள் ஒன்பது பேர். எகோன் முன்னால் பலகையில் ஏடும் பேனாவும் மிதந்தன. கரையில் சுற்றிலும் ஜனம். பதினொரு மணிவரை வழக்கமான கூத்துகள், சீட்டு, பாட்டு, கறுப்பு ரொட்டி. அப்புறம் வழக்கு.

"மூக்குப்பொடி டப்பாவை எடுத்தது நீர்தானா?" என்று குரலை உயர்த்திக் கேட்டேன்.

"இல்லை," என்றான் தியோடுல்.

"இரண்டாம் தரம் கேட்கிறேன். எடுத்தது நீர்தானா?"

"இல்லை."

"மூன்றாம் தரம் கேட்கிறேன். இந்தக் குளத்துத் தண்ணீர் சாட்சி. எடுத்தது நீர்தானா?"

அவன் கையை உயர்த்தவில்லை. என் முகத்தையே பார்த்தான். "எடுத்தது நான்தான்," என்றான். "டப்பா இல்ல, லுட்வினா. அன்னிக்கு மேல போக வேண்டியது என் முறை. ஆல்பானை நான்தான் அனுப்பினேன்."

வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். ஆனால் ஊர்க்காரர்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. போன வருஷம் ஒட்டீலியா டீச்சர் வசனத்துக்கு நடுவில் ஊர்க்காரர்களைக் கிண்டலடித்து நாலு வரி சேர்த்திருந்தார். எகோனின் ரொட்டியை வைத்துக் கூரை வேயலாம் என்று ஒரு வரி. இதுவும் அந்த மாதிரி ஏதோ புதுச் சரக்கு என்று நினைத்துவிட்டார்கள். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். செத்தவனை வைத்தா கிண்டல் எழுதுவாள் என்று ஒட்டீலியா மேல் பற்றிக்கொண்டு வந்தது.

கரையில் தாளோடு நின்றிருந்த ஒட்டீலியாவைப் பார்த்தேன். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"டீச்சர், இது உங்க வசனமா?"

"இல்ல லுட்வினா. சத்தியமா நான் எழுதல." குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏதோ குழம்பிட்டார் போல. ஒரு குடம் ஒயின்னு சொல்லி முடிச்சிடுங்க. பேண்டுக்காரங்க காத்திட்டிருக்காங்க."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு குடம் ஒயின். மூன்று வார்த்தை. வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் உறைத்தது. சொன்னால் முடிந்தது. குடம் வரும், குடிப்போம், கரையேறுவோம், அதற்கப்புறம் அவன் சொன்னது என்ன என்று சாகும்வரை யாரும் யாரையும் கேட்க முடியாது. என் மாமனாரின் வேலி மாதிரி ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

ஆல்பான் எப்படிப் போனான் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். பிப்ரவரி, தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் வேஷ வாரம். புதன்கிழமை ராத்திரி அவன் ஆட்டுத்தோலும் மர முகமூடியும் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றப் போனவன், என் கல்யாண மேஜை விரிப்பை இடுப்பில் கச்சையாகக் கட்டிக்கொண்டு போயிருந்தான். விடிகாலையில் வந்து நின்றபோது விரிப்பு கிழிந்து, கரி அப்பி, பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு வாய் அடங்காது, அன்றும் அடங்கவில்லை. "இந்த வீட்டுப் பக்கம் வராதே, போய் அந்த ஊற்றுக் குடிசையிலேயே கிட," என்று கத்தினேன். அவன் திரும்பி வேலைக்குப் போய்விட்டான்.

ஊற்றுக் குடிசை சிவப்புப் பாறைக்கு அடியில் இருக்கிறது. தினமும் ஒருவர் மேலே போய் மதகைப் பார்த்து, சூட்டை அளந்து குறித்துக்கொண்டு வர வேண்டும். ஆல்பானும் தியோடுலும் ஆளுக்கு ஒரு நாள். அந்த வியாழக்கிழமை தியோடுல் முறை. போனது ஆல்பான். பதினொன்றரை மணிக்குப் பாறை மேலிருந்து பனி மொத்தமாக இறங்கியது. சாயங்காலம் தோண்டி எடுத்தார்கள்.

ஏன் அவன் போனான் என்று நான் தியோடுலைத்தான் கேட்டேன். அவன் சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். "வீட்டுக்குப் போகப் பிடிக்கலடா, நான் போறேன்னு அவனே கேட்டு வாங்கிட்டுப் போனான்." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாற்பத்து மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். மறு கல்யாணத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். என் வாய்க்கு ஒருத்தன் பலியானது போதும் என்று இருந்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன், நாலு சாமியார்களிடம். நாலு பேரும் மன்னித்தார்கள். மன்னிப்பு இந்தக் காதில் போய் அந்தக் காதில் வெளியே வந்துவிட்டது.

இப்போது இவன் நடுக்குளத்தில் உட்கார்ந்துகொண்டு நான்தான் அனுப்பினேன் என்கிறான். நிஜமா? இல்லை ஓவனுக்குள் ஷூவை வைத்த கதையா? நாடகத்தையும் நிஜத்தையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, இருபது வருஷமாகக் குற்றவாளி வேஷம் போட்டவன், இன்னொரு குற்றத்தையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டானா? நிஜமாக இருக்கக் கூடாதா என்று ஒரு மனசு. நிஜமாக இருந்தால் அவன் கழுத்தை நெரிக்க வேண்டுமே என்று இன்னொரு மனசு. இரண்டுக்கும் நடுவில் வெந்நீர் கொதிக்கிற மாதிரி இருந்தது, உண்மையில் அது முப்பத்தாறு டிகிரிக்கு மேல் போகாது.

நான் பேசாமல் உட்கார்ந்தேன். நீதிபதி பேசாமல் யாரும் எழுந்திருக்க முடியாது.

பன்னிரண்டரை வரை வெளியூர்க்காரர்கள் பொறுமையாக இருந்தார்கள். இதுவும் நாடகத்தில் ஒரு கட்டம் என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சாப்பிடக் கிளம்பினார்கள். பேண்டுக்காரர்கள் கொம்பை உறையில் போட்டார்கள். இரண்டு மணிக்கு எகோன் தன் விரல்களை என் முன்னால் நீட்டினான்.

"லுட்வினா, பாரு இதை. ஊறிப்போன ரொட்டி மாதிரி ஆயிடுச்சு. தீர்ப்பைச் சொல்லித் தொலையேன்."

"உன் ரொட்டியை ஊற வெச்சாத்தானே திங்க முடியும். உக்காரு."

"எனக்கு ஒண்ணுக்கு முட்டுது."

"நானூறு வருஷமா இந்தக் குளத்துல யாருக்கும் முட்டாததா? அடக்கு."

ஒட்டீலியா டீச்சர் கரையில் மண்டியிட்டு, சட்டத்தில் இப்படி இல்லை, அப்படி இல்லை என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். வெரேனா துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அத்தை, அப்பாவுக்கு நிதானம் இல்ல. தெரியாம ஏதோ பேசிட்டார். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், விட்டுருங்க."

"நீ போய்ச் சாப்பிடு வெரேனா. உங்கப்பனை நான் தின்னுட மாட்டேன்."

சொல்லிவிட்டு நீரைத் தள்ளிக்கொண்டு போய்த் தியோடுலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கினார்கள். அவன் அவ்வளவு நேரமும் அசையவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தியோடுல், நான் யாரு?"

"லுட்வினா."

"இன்னிக்கு என்ன நாள்?"

"லாரன்ஸ்."

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "முந்தின நாள் சாயங்காலம் நான் பாறையைப் பார்த்தேன். காத்து அடிச்சு அடிச்சுப் பனி மேல தொங்கிட்டு இருந்துச்சு. எப்ப வேணா இறங்கும்னு தெரிஞ்சுது. யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும். பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பாங்கன்னு சொல்லல. காலையில ஆல்பான் வந்தான். கால் சுளுக்கிடுச்சுடா, எனக்குப் பதிலா நீ போயிட்டு வான்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போகணும்டா, லுட்வினா கோவமா இருக்கா, போய்ச் சமாதானம் பண்ணணும்னான். அரை மணி நேர வேலைதானே, போயிட்டு வந்துடலாம்னேன். சரின்னு போனான்."

மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போக வேண்டும். ஆல்பான் குரலே கேட்ட மாதிரி இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். புருஷன் செத்த கதையைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. உடனே பயமும் வந்தது. இவன் நான் கேட்க ஆசைப்படுவதை அப்படியே சொல்கிறானே. கூறுகெட்ட தலை நல்ல வார்த்தை ஒன்றைத் தானாகக் கட்டிக்கொடுத்திருந்தால்? இதை நம்பி, நாளைக்கு அது வெறும் உளறல் என்று ஆனால் நான் எங்கே போய் நிற்பது?

"சுளுக்குன்னு சொன்னியே, எந்தக் கால்?"

அவன் முகம் மாறியது. வெட்கப்பட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"அவன்கிட்ட காட்டினது இடது கால். அவனைத் தோண்ட ஓடினப்போ நல்லாத்தான் ஓடினேன். அப்புறம் பயம் வந்துடுச்சு. போற வழியில யார்கிட்டயாவது என் கால் சுளுக்குன்னு ஆல்பான் சொல்லியிருப்பானோன்னு. அதனால நொண்ட ஆரம்பிச்சேன். அடக்கம் முடிஞ்ச நாலாம் நாள் உன்கிட்ட வந்து காலை நீட்டினேனே. அப்போ எந்தக் கால்னு மறந்து வலது காலை நீட்டிட்டேன். நீ பிடிச்சுப் பார்த்துட்டு, வீக்கமே இல்லையேன்னே. நான் வலிக்குதுன்னு கத்தினேன். நீ கட்டுப் போட்டு விட்டே. அழுதுக்கிட்டே போட்டே."

ஆமாம். வீட்டில் இருக்க முடியாமல் நாலாம் நாளே வேலைக்கு வந்துவிட்டேன். முதல் ஆளாக அவன்தான் வந்தான், தோண்ட ஓடும்போது சுளுக்கிக்கொண்டேன் என்று. என் கைக்குத் தெரிந்திருந்தது. வலது கால், வீக்கம் இல்லை, சூடு இல்லை, நரம்பு பிசகவில்லை. என் புருஷனைத் தோண்டி எடுத்த காலாயிற்றே என்று நான்தான் என் கையை நம்பவில்லை. இது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கூறுகெட்ட தலை இதைக் கட்டியிருக்க முடியாது.

"எதுக்கு அந்தப் பொய்யைச் சொன்னே? நான் கேட்டப்போ?"

"நீ கேட்டே. எனக்கு வேற எதுவும் தோணல. விரிப்புச் சண்டையைக் காலையில அவன்தான் சொல்லிச் சிரிச்சான்."

"நாப்பத்து மூணு வருஷமா விறகு வெட்டினியே, எனக்காகவா, உனக்காகவா?"

"தெரியல," என்றான். "முதல்ல எனக்காக. அப்புறம் பழகிடுச்சு."

நீருக்கு அடியில் என் இரண்டு கையும் முஷ்டியாகி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அடித்திருப்பேன். எழுபது வயசுக் கிழவன், பனியன் மாதிரி ஒட்டிக்கொண்ட கம்பளி அங்கி, தாடையில் தண்ணீர் சொட்டுகிறது. எங்கே அடிப்பது? எழுந்து என் இடத்துக்குப் போனேன். மணி மூன்றரை.

"தீர்ப்பு," என்றேன். எகோன் பாய்ந்து பேனாவை எடுத்தான்.

"ஒயின் கிடையாது. தியோடுல் தினமும் காலையில எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வரணும். ஆல்பான் கடைசியாச் சொன்னதை என் முன்னால சொல்லணும். கரையில, என் வீட்டு மேஜையில உக்காந்து சொல்லணும்."

"கரையில பேசக் கூடாதுங்கிறதுதான் சட்டமே," என்றார் ஒட்டீலியா டீச்சர். "பேசினா ரெண்டு பேரையும் குளத்துலேர்ந்து தள்ளி வெக்கணும், லுட்வினா."

"தள்ளி வெச்சுக்கோங்க. முப்பத்தெட்டு வருஷம் ஊறினது போதும். எழுது எகோன்."

எகோன் எழுதினான். மை பரவி ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் எழுதினான். நாங்கள் கரையேறினோம்.

மறுநாள் சரியாக எட்டு மணிக்குத் தியோடுல் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. நாற்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் காலைச் சண்டையை நினைத்துச் சிரிப்பு வந்திருந்தது. விரிப்பைக் கச்சையாகக் கட்டிக்கொண்டு நின்ற கோலத்தை நினைத்து. காப்பி ஊற்றி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"தீர்ப்புன்னு வெரேனா சொன்னா. வந்துட்டேன்," என்றான்.

"சொல்லு. ஆல்பான் என்ன சொன்னான்?"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "வீட்டுக்குப் போகப் பிடிக்கலடா, நான் போறேன்னு அவனே கேட்டு வாங்கிட்டுப் போனான்."

எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியம். அதே முகம், அதே குரல். ஏமாற்றுகிறானா என்று கண்ணுக்குள் பார்த்தேன். அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. அவனுக்கு அதுதான் உண்மையாகியிருந்தது.

"நேத்து குளத்துல என்ன சொன்னே?"

"நேத்தா? டப்பா கேசு. இல்லைன்னு சொன்னேன். ஒயின் குடிச்சோமே."

ஒரு நிமிஷம் என் தலையும் சுற்றியது. நேற்று நடந்தது நடக்கவே இல்லையா, பத்து பேர் பார்த்தார்களே, எகோன் எழுதினானே. எனக்குத்தான் பித்துப் பிடித்துவிட்டதா? என் கையைப் பார்த்தேன். வலது கால், வீக்கம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல தியோடுல். அவன் அப்படிச் சொல்லல. மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போகணும்னு சொன்னான்."

"அப்படியா சொன்னான்?"

"அப்படித்தான் சொன்னான்."

யோசித்தான். "அப்புறம் எதுக்கு மேல போனான்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ அனுப்பினே. பாறையில பனி தொங்குறதைப் பார்த்துட்டு, கால் சுளுக்குன்னு பொய் சொல்லி, அவனை அனுப்பினே. செத்தவன் பேர்ல இன்னொரு பொய்யும் சொல்லி, என்னை இத்தனை வருஷம் வேக வெச்சே."

அவன் அதை முதல் தடவையாகக் கேட்டான். அந்த முகத்தை நான் விவரிக்க மாட்டேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை, அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் வெரேனாவுக்குப் போன் போட வேண்டியிருந்தது. அவள் வந்து அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

இனி வர மாட்டான் என்று நினைத்தேன். அடுத்த நாள் எட்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அதே இஸ்திரிச் சட்டை. முகத்தில் நேற்றைய சுவடே இல்லை, கண் மட்டும் வீங்கியிருந்தது. ஏன் வீங்கியிருக்கிறது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. தெருமுனையில் வெரேனா நின்று என் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காப்பி ஊற்றினேன். அவன் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய வாக்கியத்தையே சொன்னான். நான் திருத்தினேன். மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் ஆல்பான் சொன்னான் என்றேன்.

"அப்படியா சொன்னான்? அப்புறம் எதுக்கு மேல போனான்?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் சொன்னால் இவன் இதைத் தினமும் முதல் தடவையாகக் கேட்பான். தினமும் இந்த மேஜையில் இடிந்து விழுவான், நாளைக்கும், மறுநாளும். நான் அந்தப் பொய்யை ஒரு தடவை கேட்டு மீளவே நாற்பத்து மூன்று வருஷம் ஆயிற்று.

"வேலை இருந்துச்சு, போனான்," என்றேன். "மத்தியானத்துக்குள்ள வந்துடறதாத்தான் போனான்."

தியோடுல் தலையாட்டினான். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"வந்துட்டானா?"

"காப்பி ஆறுது, குடி," என்றேன்.